கூடமும் கோணல்தான்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மையத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தின் சன்னலில் ஒரு ஜெர்சி பல ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது. பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் 2ஆம் எண் ஜெர்சி. முதுகில் இருந்த பெயர் கவுச். அந்தப் பெயருக்குக் கீழே ஒரு பட்டையை ஒட்டி அடுத்தவர் பெயரை எழுதினார்கள். அவர் போனதும் இன்னொரு பட்டை. பெயர்கள் முதுகைத் தாண்டி இறங்கிக்கொண்டே போயின. 1999இல் அந்த அணி மறுபிறவி எடுத்ததிலிருந்து 2024 ஆட்டப் பருவம் முடியும்வரை குவார்ட்டர்பேக்காக ஆட்டத்தைத் தொடங்கியவர்கள் 40 பேர். கிரீன் பே அணி 1992இல் தொடங்கி ஏறத்தாழ 30 ஆண்டுகளை பெரும்பாலும் பிரெட் ஃபாவ், ஆரன் ராஜர்ஸ் என்று இரண்டே பேரை வைத்து ஓட்டியது என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

"நம் குவார்ட்டர்பேக்குகளில் ஆக மோசமானவன் யார்?" என்ற கேள்விக்கு மற்ற ஊர்களில் இரண்டு மூன்று பெயர்கள்தான் வரும். கிளீவ்லாந்தில் அது ஏரிக்கரை மைதானத்துக்குப் பக்கத்து கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டிக் கறி சுட்டுக்கொண்டே விடியற்காலையில் தொடங்கி, ஆட்டம் தோற்ற பிறகும் முடியாத வழக்கு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு தராசைக் கொண்டுவருகிறார்கள் என்பதால்தான் தீர்ப்பு வராமல் இழுக்கிறது.

இந்த விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கக் கால்பந்தில் ஒரு அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பந்தைப் பத்து கெஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு வாய்ப்பும் குவார்ட்டர்பேக் கைக்குப் பந்து வருவதில் தொடங்குகிறது. அவரைக் காக்க முன்னால் ஐந்து பேர் அரண் கட்டுவார்கள். எதிரணியின் ஆஜானுபாகுக்கள் அந்த அரணை உடைத்து வந்து அவரைச் சாய்ப்பதற்குள் யாரிடம் எறிவது என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். கிடைக்கும் நேரம் மூன்று விநாடி போல. பந்து எதிரணி கையில் போய்ச் சேர்ந்தால் பழி அவருக்கு. அரண் உடைந்தாலும், பிடிக்க வேண்டியவன் கைநழுவ விட்டாலும், ஆட்ட அறிக்கையில் அவர் பெயர்தான் நிற்கும். கல்யாண வீட்டில் சாம்பார் தீய்ந்தால் தலைமைச் சமையல்காரரைத்தானே கேட்பார்கள்.

இந்த ஊருக்கு எப்போதுமே இந்தத் தலையெழுத்து இருந்ததில்லை. அதுதான் எரிச்சலின் வேர். 1946 முதல் 1955 வரை ஆட்டோ கிரஹாம் குவார்ட்டர்பேக்காக இருந்த பத்து ஆண்டுகளில் பிரவுன்ஸ் பத்து முறையும் இறுதியாட்டத்துக்குப் போனது. ஏழு முறை கோப்பை. 1964இல் கடைசிக் கோப்பையை வாங்கித் தந்த ஃபிராங்க் ரையன் அடுத்த வருடமே கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1980இல் பிரையன் சைப் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர். அதற்குப் பிறகு பெர்னி கோசார், ஒஹாயோ மண்ணின் பையன், மூன்று முறை சூப்பர் பவுல் என்ற இறுதியாட்டத்துக்கு ஒரு படி கீழே வரை கூட்டிப்போனார். மூன்று முறையும் டென்வர் அணி வழிமறித்தது. 1995 நவம்பரில் முதலாளி ஆர்ட் மோடெல் அணியைப் பால்டிமோருக்குத் தூக்கிப்போகிறேன் என்று அறிவித்தார். ஊர் போராடிப் பெயரையும் நிறத்தையும் வரலாற்றையும் தக்கவைத்துக்கொண்டது; ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள். மூன்று வருடம் ஆட்டமே இல்லை. 1999இல் புது அணி வந்தது. நம் வழக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதல் தராசு ஒரே நாள் ஆட்டம். இதற்கு ரசிகர்கள் கையில் எடுப்பது பாஸர் ரேட்டிங் என்ற மதிப்பெண். எறிந்ததில் எத்தனை தன் ஆட்கள் கையில் சேர்ந்தது, ஒரு எறிக்கு எத்தனை கெஜம், எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துத் தந்த டச்டவுன் எத்தனை, எத்தனை எதிரணி கைக்குப் போனது என நான்கையும் கலந்து 1973இல் கொண்டுவந்த கணக்கு. உச்சம் 158.3. இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஒருவர் நாள் முழுக்க ஒவ்வொரு பந்தையும் வேண்டுமென்றே தரையில் அடித்தால்கூட அவருக்கு 39.6 கிடைக்கும். எதிரணிக்குக் கொடுக்கவில்லை அல்லவா, அதற்கான கூலி. ஆகவே 39.6க்குக் கீழே போகிறவர், பந்தைத் தரையில் போட்டுவிட்டு நின்றிருந்தால் தேவலை என்று அர்த்தம்.

கிளீவ்லாந்தில் அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு கிராமமே குடியிருக்கிறது. 2004 செப்டம்பரில் டல்லஸுக்கு எதிராக ஜெஃப் கார்சியா 27 எறிந்து 8 சேர்த்தார்; 71 கெஜம், மூன்று பந்து எதிரணிக்கு. ரேட்டிங் சரியாக 0.0. இத்தனைக்கும் அவர் சான் பிரான்சிஸ்கோவில் பேர் வாங்கியவர். 2008இன் கடைசி ஆட்டத்தில் புரூஸ் கிராட்கௌஸ்கி பிட்ஸ்பர்க்குக்கு எதிராக 16இல் 5, மொத்தம் 18 கெஜம், ரேட்டிங் 1.0, ஆட்டம் 31-0. 2012இல் பிராண்டன் வீடன் தன் முதல் ஆட்டத்தன்று, தொடங்குவதற்கு முன்பே, மைதானத்தில் விரித்த ராட்சத தேசியக் கொடிக்கு அடியில் சிக்கிக்கொண்டார். எப்படியோ வெளியே வந்து 35 எறிந்தார். 12 சேர்ந்தது, நான்கு எதிரணிக்கு. ரேட்டிங் 5.1. கொடிக்குள்ளேயே இருந்திருக்கலாம் என்று ஊர் சொன்னதில் கொஞ்சம் கணித நியாயமும் இருந்தது. ஆனால் அன்று பிரவுன்ஸ் தோற்றது ஒரே புள்ளியில், 17-16.

இங்கேதான் இந்தத் தராசு ஆட்டம் காண்கிறது. 2009 அக்டோபர் 11, எதிரணி பஃபலோ. டெரெக் ஆண்டர்சன் 17 எறிந்து இரண்டே இரண்டைச் சேர்த்தார். 23 கெஜம். ரேட்டிங் 15.1. அன்று பிரவுன்ஸ் வென்றது. 6-3. எதிரணி ஒரு பந்தைக் கைநழுவ விட, கடைசி நிமிடத்தில், பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைக்கும் ஃபீல்டு கோல் அடித்து முடித்தார்கள். இதே ஆண்டர்சன்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சின்சினாட்டிக்கு எதிராக ஐந்து டச்டவுன் எறிந்து 51-45 என்று வென்று, அந்தப் பருவத்தை 10 வெற்றி, 6 தோல்வி என்று முடித்து, நட்சத்திர ஆட்டத்துக்கும் தேர்வானவர். ஒரு நாளை வைத்து ஆளை எடைபோட்டால் இவரை எந்தத் தட்டில் வைப்பது? ஒரு நாள் ஆட்டம் கதை சொல்ல நல்லது. வழக்கு நடத்த ஆகாது.

கதை என்று வந்தால் ஸ்பெர்கன் வின்னை விட முடியாது. 2000 டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசைமுறையில் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏலமில்லா ஏலத்தில், பிரவுன்ஸ் 183ஆவது ஆளாக இவரை எடுத்தது. டிசம்பரில் இவர் ஆடிய ஆட்டம் ஒன்று 48-0 என்று முடிந்தது. இவருக்குப் பதினாறு பெயர் தள்ளி, 199ஆவதாக, நியூ இங்கிலாந்து எடுத்த பையன் டாம் பிரேடி. எடுத்த பயிற்சியாளர் பில் பெலிசிக், 1993இல் கோசாரைத் திறமை மங்கிவிட்டது என்று கிளீவ்லாந்திலிருந்து அனுப்பி, ஊரின் சாபத்தை வாங்கிக்கொண்ட அதே மனிதர். ஆனால் இதில் வின் செய்த குற்றம் என்ன? பிரேடியை அதற்கு முன்னால் எல்லா அணிகளும்தான் தவறவிட்டன. தன்னை யார் எந்த எண்ணில் எடுப்பார் என்பதை எந்தப் பையனும் தீர்மானிப்பதில்லை.

இரண்டாவது தராசு பருவம். இதில் முன்னணியில் நிற்பவர் கென் டோர்ஸி. 2008இல் மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காயப்பட்டு விழ, மூன்றாவது கையாக உள்ளே வந்து மூன்று ஆட்டங்களைத் தொடங்கினார். 91 எறி, ஒரு டச்டவுன்கூட இல்லை, ஏழு எதிரணிக்கு. ரேட்டிங் 26.4. எண்களை மட்டும் வைத்துப் பேசுகிறவர்கள் இவர்தான் என்று கையை ஓங்கி மேசையில் அடிப்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூன்றாவது கை ஆட வேண்டி வந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. யாரும் அவரை நம்பி வீடு கட்டவில்லை. ஏமாற்றம் இல்லாத இடத்தில் 'ஆக மோசம்' என்ற பட்டம் ஒட்டாது. டோர்ஸி பின்னாளில் நல்ல பயிற்சியாளராகப் பெயரெடுத்தார், பிரவுன்ஸிலேயே ஒரு வருடம் தாக்குதல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டதும் உண்டு.

தோல்விக் கணக்கைத் தராசாக வைத்தால் டிஷோன் கைசர். 2017இல் 15 ஆட்டம் தொடங்கினார், 15ம் தோல்வி; 11 டச்டவுன், 22 எதிரணிக்கு. அணி 0-16. லீக் வரலாற்றில் அப்படி ஒரு பருவத்தை அதற்கு முன் கண்டது 2008இன் டெட்ராய்ட் மட்டுமே. அடுத்த சனவரியில் ரசிகர்கள் உறைபனியில் 'பரிபூரணப் பருவம்' என்று ஊர்வலம் எடுத்தார்கள். மைதானத்தைச் சுற்றி வட்டமாக நடந்தார்கள், மேலிருந்து பார்த்தால் பூச்சியமாகத் தெரியவேண்டும் என்பதற்காக. மிஞ்சிய நன்கொடை ஊரின் உணவு வங்கிக்குப் போனது. கிண்டலையும் தர்மத்தையும் ஒரே கையால் செய்யத் தெரிந்த ஊர் அது. ஆனால் கைசருக்கு அப்போது வயது 21. இரண்டாம் சுற்றில் எடுத்த, இன்னும் ஒரு வருடம் ஓரத்தில் உட்கார்ந்து கற்க வேண்டிய பையனை வாரா வாரம் அடிவாங்க அனுப்பினார்கள். தலைமைப் பயிற்சியாளர் ஹியூ ஜாக்சன் இரண்டு வருடத்தில் ஜெயித்தது ஒன்று, தோற்றது 31. அதில் பாதிக்குப் பையனை மட்டும் பொறுப்பாக்குவது எந்த ஊர் நியாயம்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாம் சிரிப்போம். கிளீவ்லாந்து விவகாரத்தை நெருங்கிப் பார்த்தால், சில நேரம் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கும் என்பது தெரிகிறது.

இதற்கு நம்பகமான சாட்சி ஒருவர் இருக்கிறார். ஜோ தாமஸ். 2007இல் மூன்றாவது ஆளாகத் தேர்வான நாளன்று, மேடைக்குப் போகாமல் அப்பாவோடு மிஷிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர். குவார்ட்டர்பேக்கின் இடப்பக்க அரணாக நின்று, 2017இல் தசை கிழியும்வரை, ஒரு வாய்ப்பைக்கூட விடாமல் தொடர்ச்சியாக 10,363 முறை ஆடினார். 2023இல் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார். அந்த ஒரே மனிதர் அரண் கட்டிக் காத்த குவார்ட்டர்பேக்குகள் 20 பேர். பிளே-ஆஃப் என்ற அடுத்த கட்டத்தில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. லீகிலேயே தலைசிறந்த அரண் பதினொரு வருடம் நின்றும் உள்ளே இருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள் என்றால், கோளாறு உள்ளே வந்தவர்களிடம் மட்டும்தான் இருந்தது என்று நம்பச் சிரமமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் தலைமைப் பயிற்சியாளர்களும் கிரெனல், மான்ஜினி, ஷர்மர், சட்ஜின்ஸ்கி, பெட்டின், ஜாக்சன் என்று வரிசையாக வந்து போனார்கள். புதியவர் ஒவ்வொருவரும் புது ஆட்டமுறை கொண்டுவருவார். பழையவர் தேர்ந்தெடுத்த பையன் அதற்குப் பொருந்தமாட்டான். தனக்குப் பிடித்தவனைத் தேடுவார். ரோட்டைத் தோண்டி மூடியவுடன் அடுத்த துறை வந்து தோண்டுவதைப் போலத்தான்.

கோல்ட் மெக்காய் கதையையும் இங்கேதான் சொல்ல வேண்டும். 2011 டிசம்பரில் பிட்ஸ்பர்க்கின் ஜேம்ஸ் ஹாரிசன் தலையில் மோதி இவரைச் சாய்த்தார். இரண்டே வாய்ப்புகள் கழித்து இவர் மறுபடி உள்ளே அனுப்பப்பட்டார். மூளை அதிர்ச்சி என்பது பிறகு தெரிந்தது. பையனின் அப்பா பகிரங்கமாகக் கோபப்பட்டார். அதன் பிறகுதான் மைதானத்தின் மேல்தளத்தில் உட்கார்ந்து, தலையில் அடிபட்டவர்களைக் கண்காணிக்க, அணிகளைச் சாராத ஆட்களை லீக் நியமித்தது. அந்த இரவுத் தோல்வியின் எண்களைக் காட்டி மெக்காயைப் பட்டியலில் சேர்க்கிறவர்களை நான் பொருட்படுத்துவதில்லை.

22 என்ற எண்ணை ஊரில் ராசியில்லாத எண் என்பார்கள். 2007இல் பிரேடி குவின், 2012இல் வீடன், 2014இல் ஜானி மான்ஸீல், மூன்று பேருமே டிராஃப்டில் 22ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர்கள். ராசி இருக்கட்டும், புத்தி எங்கே போனது என்பதே என் கேள்வி. வீடன் முதலில் பேஸ்பால் எறிந்துகொண்டிருந்து பிறகு கல்லூரிக்குத் திரும்பியவர், எடுக்கும்போதே வயது 28. இருபத்தொன்று, இருபத்திரண்டில் வருகிற தொழில் அது. மான்ஸீல் கல்லூரி ஆட்டத்தின் தலைசிறந்தவருக்கான ஹைஸ்மன் கோப்பையை முதலாண்டிலேயே வென்ற முதல் ஆள். மைதானத்துக்கு வெளியே அவர் வாழ்க்கை தடம்புரண்டுகொண்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்த சேதி. முதல் தொடக்க ஆட்டம் 30-0 தோல்வி. 2016 மார்ச்சில் அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றம் என்ற தராசில் இவர் கனமானவர், சந்தேகமில்லை. குடியோடும் மனநோயோடும் அவர் போராடியது பின்னால் வெளியே வந்தபிறகு அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்க எனக்கு வாய் வருவதில்லை.

மூன்றாவது தராசு விலை. இப்போது ஊரில் பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது இதுதான்.

2017 டிராஃப்டில் பிரவுன்ஸிடம் 12ஆவது இடம் இருந்தது. அதை ஹூஸ்டனுக்கு விற்றார்கள். ஹூஸ்டன் அந்த இடத்தில் எடுத்தது டிஷான் வாட்சனை. பிரவுன்ஸ் அதே டிராஃப்டில் பின்னால் எடுத்தது கைசரை. ஐந்து வருடம் கழித்து, 2022 மார்ச்சில், அன்று கையில் இருந்தபோது வேண்டாம் என்று விட்ட அதே வாட்சனுக்காக மூன்று முதல்சுற்று இடங்களையும் மேலும் சிலவற்றையும் கொடுத்து, ஐந்து வருடத்துக்கு 23 கோடி டாலர், அதுவும் முழுக்க உத்தரவாதத் தொகை என்று எழுதிக்கொடுத்தார்கள். அடிபட்டாலும் ஆடாவிட்டாலும் பணம் உண்டு. அவ்வளவு பெரிய உத்தரவாத ஒப்பந்தத்தை அந்த லீக் அதுவரை பார்த்ததில்லை.

பணம் மட்டும் என்றால் அது கணக்குத் தவறு. வாட்சன் மேல் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள், மசாஜ் செய்ய அழைத்துப் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டார் என்று வழக்குத் தொடுத்திருந்த நேரம் அது. அவர் மறுத்தார், டெக்சாஸில் இரண்டு கிராண்ட் ஜூரிகள் குற்றம்சாட்ட மறுத்தன, பெரும்பாலான உரிமையியல் வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. லீக் அவரை 11 ஆட்டங்களுக்கு விலக்கி 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. மூன்று தலைமுறையாக ஆட்டத்துக்குப் போகிறோம் என்று பெருமை பேசிய குடும்பங்களில் அந்த வருடம் டிக்கெட்டைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று சாப்பாட்டு மேசையில் சண்டை நடந்தது. எறிந்த பந்துகளின் கணக்கை வைத்து அளக்க முடியாத ஒரு கனம் விவாதத்துக்குள் வந்தது அப்போதுதான்.

எறிந்த பந்துகளின் கணக்கும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. மூன்று பருவங்களில் 19 ஆட்டம் தொடங்கினார். 2023இல் தோளில் காயம். அவர் இடத்துக்கு வீட்டில் சும்மா இருந்த 38 வயது ஜோ ஃபிளாக்கோவைக் கூப்பிட்டார்கள். அவர் தொடங்கிய ஐந்தில் நான்கை வென்று அணியைப் பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனார். வாட்சனுக்காக விரட்டப்பட்ட பேக்கர் மேஃபீல்ட், 2018இன் முதல் தேர்வு, 635 நாள் தொடர்ந்த வெற்றியின்மையை முடித்துவைத்தவர், 2021 சனவரியில் பிட்ஸ்பர்க்கை அவர்கள் ஊரிலேயே பிளே-ஆஃபில் 48-37 என்று வீழ்த்தியவர், டாம்பாவுக்குப் போய் நட்சத்திர ஆட்டக்காரராக மலர்ந்தார். 2025இல் அணி உரிமையாளர் ஜிம்மி ஹேஸ்லமே, வீசிய பெரிய வீச்சு குறிதவறியது என்று ஒப்புக்கொண்டார். விலைத் தராசில் வாட்சனுக்குப் போட்டியே இல்லை. அங்கே நானும் கையைத் தூக்குகிறேன். ஆனால் கவனியுங்கள், விலையை எழுதியது குவார்ட்டர்பேக் இல்லை.

2024 அக்டோபர் 20. சொந்த மைதானத்தில் சின்சினாட்டிக்கு எதிரான ஆட்டத்தில் வாட்சன் யாரும் தொடாமலே விழுந்தார். குதிகால் தசைநார் அறுந்திருந்தது. அவர் தரையில் கிடக்கும்போது கூட்டத்தில் ஒரு பகுதி ஆரவாரித்தது. அணியின் சகவீரர்கள் ஜேமிஸ் வின்ஸ்டனும் மைல்ஸ் காரட்டும் ரசிகர்களை வெளிப்படையாகக் கண்டித்தார்கள். வெளியூர் விமர்சகர்கள் இதை வாட்சனின் கடந்தகாலத்தோடு சேர்த்துப் புரிந்துகொண்டார்கள். அந்த விளக்கம் பாதிதான் சரி. இந்த ஊர் இதை முன்பும் செய்திருக்கிறது, ஒரு குற்றச்சாட்டும் இல்லாத ஒருவருக்கு.

2002 அக்டோபர், பால்டிமோருடன் ஆட்டம். அந்தப் பால்டிமோர்தான், மோடெல் எடுத்துச்சென்ற அணி. டிம் கவுச் தலையில் அடிபட்டு நிலைகுலைந்தார். மாற்று ஆள் வரப்போகிறான் என்ற சந்தோஷத்தில் சிலர் கைதட்டினார்கள். ஆட்டம் முடிந்து பத்திரிகையாளர்கள் முன் பேசும்போது கவுச் அழுதுவிட்டார்.

ஜெர்சியின் முதல் பெயருக்கு இப்போது வருகிறேன். 1999 டிராஃப்டின் முதல் தேர்வு. அடுத்த இடத்தில் பிலடெல்பியா எடுத்த டானவன் மெக்நாப் சூப்பர் பவுல் வரை போனதால், பட்டியல் போடும் ஒவ்வொருவரும் கவுச்சில்தான் தொடங்குவார்கள். அவருக்குக் கொடுக்கப்பட்ட அணியோ மற்ற அணிகள் கழித்துவிட்ட ஆட்களையும் புதுமுகங்களையும் சேர்த்துக் கட்டியது. முதல் ஆட்டம் 43-0 தோல்வி. முதல் பருவத்திலேயே ஐம்பது தடவைக்கு மேல் அவரைச் சாய்த்தார்கள். அந்த அரணுக்குப் பின்னால் நின்றுதான், அக்டோபர் கடைசி நாளன்று நியூ ஆர்லியன்ஸில், நேரம் முடிந்த விநாடியில் 56 கெஜம் எறிந்து, புது அணியின் முதல் வெற்றியை வாங்கித் தந்தார். 2002இல் அணி பிளே-ஆஃப் போனது அவர் தலைமையில்தான். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் கால் முறிந்ததால் அந்தப் பிளே-ஆஃப் ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்தார். அடுத்த ஆண்டு இடம் பறிபோனது. 26 வயதில் அவரது ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

கவுச் தொடங்கிய ஆட்டங்கள் 59. வெற்றி 22. அவருக்குப் பிறகு ஜெர்சியில் இறங்கிக்கொண்டே போன பெயர்களில், 2020ஆம் ஆண்டுப் பருவத்தில் மேஃபீல்ட் தாண்டும்வரை, அந்த 22ஐ ஒருவரும் எட்டவில்லை.